தானே வளருமா இயந்திரம்?

(குரும்பலூரில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



"இயந்திரம் இனி மனிதனைக் கேட்காது, தன்னைத் தானே திருத்திக்கொண்டு வளரும்" என்கிறார்கள். வளருமா, வளராதா? ஆத்திரப்படாமல் ஆராய்வோம்.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. மனிதனை விஞ்சும் இயந்திரம் ஒன்று தோன்றிவிட்டால், அது தன்னினும் சிறந்ததொன்றை ஆக்கும் என்று 1965-லேயே எழுதினார் ஐ. ஜே. குட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். ஏட்டிலே இருந்தது 2017-இல் ஆட்டக்களத்துக்கு வந்தது. ஆல்பாகோ ஜீரோ என்ற இயந்திரத்துக்குக் 'கோ' விளையாட்டின் விதிகளை மட்டுமே தந்தனர். மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. மூன்று நாள் தன்னோடு தானே ஆடியது. பிறகு, முந்தைய ஆண்டில் லீ செடோலை வென்ற இயந்திரத்தோடு மோதியது. நூற்றுக்கு நூறு வெற்றி! அதன் தம்பி ஆல்பாஜீரோ சதுரங்கத்திலும் அவ்வாறே தேறியது. ஆனந்தும் குகேஷும் பிறந்த நாட்டிலே நின்றுகொண்டு இதை நான் மறைக்கலாமா?

ஆனால் ஒன்று. வெற்றியா தோல்வியா என்பதை ஆட்டப் பலகையே சொல்லிவிடும். வயலிலே யார் சொல்வது? 2018-இல் பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியதே, மறந்தீர்களா? அமெரிக்கக் கண்டத்துப் புழு. இந்தியாவிலே அந்த ஆண்டுதான் முதன்முதலாகத் தென்பட்டது. அதற்கு முன் இங்கே எடுத்த இலைப் படங்களை மட்டும் பயின்ற இயந்திரம், தனக்குள்ளே கோடி முறை கணக்கிட்டாலும் அந்தப் புழுவை அறிந்திருக்குமா? குருத்தை விரித்துப் பார்க்க ஓர் உழவர் வேண்டும்.

தான் எழுதியதையே தான் படித்துத் தேறட்டும் என்று விட்டும் பார்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து, முடிவில் பிதற்றியது. 2024-இல் 'நேச்சர்' ஏட்டிலே வந்த ஆய்வு அது.

சரி, அலட்சியமாக இருந்துவிடலாமா? கூடாது. 2025-இல் கூகுளின் ஆல்பாஎவால்வ், தன்னை இயக்குகின்ற ஜெமினியைப் பயிற்றும் நேரத்திலேயே நூற்றுக்கு ஒரு பங்கைக் குறைத்தது. ஒரு பங்குதானே என்பீர்கள். வட்டிக்கு வாங்கி விதைத்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்! எனினும், எது நன்று, எது தீது என்று அளக்கும் கோலை அதன் கையிலே தந்தவர்கள் மனிதர்களே.

எந்த மனிதர்கள்? அங்கேதான் நம் வழக்கு. படங்களுக்குப் பெயர் குறித்து இயந்திரத்துக்குப் பாடம் சொல்லும் வேலையை நம் சிறுநகரத்து இளைஞர்கள் கூலிக்குச் செய்கிறார்கள். அளவுகோலை வகுக்கும் அறையிலே அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இவ்வூர்க் கல்லூரி மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். இனி நீங்கள் கேளுங்கள்.