கைக்குட்டை கட்டினால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கப்பலூரிலும் கே. புதூரிலும் பட்டறை வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெயிண்டிங்கை வெளியில் ஜாப் ஒர்க் கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள்.

பீரோ பட்டறையில் ஸ்பிரே அடிக்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? உள்தட்டுக்கு அடிக்கத் தலையை பீரோவுக்குள்ளேயே நுழைத்துவிடுவார். மூக்கில் ஒரு கைக்குட்டை. சாயங்காலம் வாழைப்பழமும் வெல்லமும் தின்றால் எல்லாம் இறங்கிடுமாம்! பழம் போவது வயிற்றுக்கு. பெயிண்ட் புகை போவது நுரையீரலுக்கு.

சாதாரண கன்னில் அடிக்கும் பெயிண்டில் பாதிக்கு மேல் தகட்டில் ஒட்டாமல் காற்றில் போய்விடுகிறது. இதில் எனாமலை விடப் பொல்லாதது, கார், பஸ், மெஷின்களுக்கு அடிக்கும் டூ-பேக் பி.யு. பெயிண்ட். பளபளப்பு அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதற்குத் தூரத்துச் சொந்தம். அந்த வாயு இந்த டின்னில் இல்லை, பயப்பட வேண்டாம். இது செய்கிற வேலை வேறு: ஆஸ்துமா. வாகன பெயிண்டர்களுக்கு இந்த ஆபத்து மற்றத் தொழிலாளரைப் போல் 80 மடங்கு என்று பிரிட்டனின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது.

உடம்பு ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அப்புறம் துளியூண்டு பட்டாலும் இழுப்பு வரும். இருமல் பெரும்பாலும் ராத்திரியில் வருவதால் யாரும் அதை வேலையோடு முடிச்சுப் போடுவதில்லை. "சளி பிடிச்சிருக்கு" என்பார்கள். லீவு நாளில் குறைந்து, வேலைக்குப் போனால் திரும்ப வந்தால் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். தாமதித்தால் அவர் அந்தத் தொழிலையே விடவேண்டி வரும். இருபது வருஷக் கைப்பழக்கம் போச்சு.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. 1992-இல் ஸ்பெயினில் அல்காய் பகுதித் துணி அச்சுப் பட்டறைகளில் ஒரு பூச்சுப் பொருளை ஸ்பிரே செய்தார்கள். வாய்வழியே போனால் பெரிய நச்சில்லை என்று சோதனையில் தேறிய பொருள். நுண்துளியாகி நுரையீரலுக்குள் போனதும் 6 பேர் இறந்தார்கள்.

சரி, மாஸ்க்? ஐசோசயனேட் ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. கார்பன் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதையும் வாசனை சொல்லாது. அதனால் இதற்குக் குழாய் வழியே காற்று வரும் முகமூடியே சரி. அந்தக் காற்று தரும் கம்ப்ரசர், ஜெனரேட்டர் புகையை இழுக்கிற இடத்தில் இருக்கக்கூடாது. எண்ணெயை வடிகட்ட ஃபில்டரும் வேண்டும். நல்ல மாஸ்க் போட்டவர்களும் ஒன்று செய்வார்கள்: அடித்து முடித்ததும் முகமூடியைத் தூக்கி ஃபினிஷ் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துளி அப்போதும் மிதந்துகொண்டிருக்கும். நல்ல எக்ஸாஸ்ட் உள்ள பூத்தில் அது தெளிய 5 நிமிஷம்கூட ஆகலாம். சாதாரண ஸ்பிரே ரூமில் 20 நிமிஷமும் ஆகும். நம்மூர் சித்திரை வெயிலில் முகமூடிக்குள் இருப்பது லேசான காரியமில்லை, தெரியும். அடிக்கிற வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாமே.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஐசோசயனேட் நஞ்சு இடம் பெற்றது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அதற்குத் தொழிற்சாலை. 2020 தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியது. மூணு பேர் வேலை செய்கிற ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? அங்கே போவது நம் ஆர்டர் மட்டுமே. எனவே சதுர அடிக்கு ரேட் பேசும்போது, மாஸ்க்கும் ஃபில்டரும் தனி வரியாகக் கொட்டேஷனில் வரட்டும். அந்த வரியில் பேரம் பேசாதீர்கள்.

மெக்கானிக்கல் மாணவர்கள் ஃபைனல் இயர் பிராஜெக்ட் தேடுகிறீர்கள் அல்லவா? பீரோ பட்டறைக்குக் கட்டுப்படியாகிற எக்ஸாஸ்ட் பூத் ஒன்று வடிவமைத்துத் தாருங்கள். ஷெட்டும் தகடும் நான் தருகிறேன். மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.