கணினியில் பாட்டு: குறை எங்கே இருக்கிறது?

நான் வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். ஒலித் தொழில்நுட்பம் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நான் செய்த தவறுதான்.

என் அக்கா வீணை வாசிப்பார். இன்று அவர் இல்லை. அவர் வாசித்த கேசட் ஒன்றை, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றி வாங்கினேன். வீட்டில் போட்டால், மீட்டிய நாதம் மெல்ல அடங்கவேண்டிய இடத்தில் அடங்கவில்லை. கேசட் இரைச்சல் பொங்கி வந்தது. மாற்றித் தந்தவரைக் கடுமையாகப் பேசிவிட்டேன். பிறகு ஒரு பிளேயர் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். அதிலும் அப்படியேதான்.

அதே கோப்பு மருமகன் லேப்டாப்பில் அருமையாகக் கேட்டது. என் விண்டோஸின் ஸ்பீக்கர் அமைப்பில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' டிக் ஆகியிருந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். உரத்த சத்தத்தை அமுக்கி, மெல்லியதைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும் வசதி அது. இரவில் சினிமா பார்க்கச் சரி, வீணைக்கு ஆகாது. டிக்கை எடுத்ததும் அக்காவின் கை தெரிந்தது.

புதிய பிளேயர் ஏன் உதவவில்லை? சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 எண்கள், இடம் வலம் தனித்தனியாக. ஒழுங்கான எந்த பிளேயரும் ஒரே கோப்பிலிருந்து அதே எண்களைத்தான் எடுக்கும். ஒரே பேரேட்டை இரண்டு கிளார்க் கூட்டினால் தொகை மாறுமா? மாறுதல் அதற்குப் பிறகுதான். விண்டோஸ் எல்லா நிரல்களின் சத்தத்தையும் கலந்து ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். பல கணினிகளில் அது 48,000. அதுவும் வேண்டாம் என்பவர்கள் ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் 'வாசாபி எக்ஸ்க்ளூசிவ்' முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டு ஓடும்போது வேறு நிரலின் சத்தம் வராது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் வித்தியாசம் தெரிகிறதா? பேத்தியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, திரும்பி உட்கார்ந்து கேட்டேன். பத்துக்கு ஐந்து சரி. பூவா தலையா போட்டாலும் அதுதான் வரும்! நீங்களும் சோதித்தால் இரண்டின் சத்த அளவையும் சமமாக வையுங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பதைக் காது நல்லது என்றே சொல்லும்.

கேசட் மாற்றித் தந்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், இன்னொரு கேசட் இருக்குன்னீங்களே, அதையும் கொண்டாங்க" என்றார்.