தானியங்கிக் கைக்கடிகாரமும் சாவியும்

தானாகவே இயங்கும் கைக்கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கவும் வேண்டுமோ? இவ்வினா பலருள்ளத்தில் எழுவது இயல்பே. கையசைவினால் வில் இறுகும் என்று கூறி விற்கப்பெற்ற பொருள், மேசைமீது இரண்டு நாள் கிடந்ததும் நின்றுவிடுகின்றது. உடையவர் குமிழைப் பிடித்துத் திருகுகின்றார். சிலவேளை அது வெறுமனே சுழல்கின்றது. சிலவேளை இறுகி நிற்கின்றது. சிலவேளை உள்ளே பம்பரம் சுற்றுவது போன்ற ஓசை எழுகின்றது. பெருவிலை கொடுத்து வாங்கிய கடிகாரம் கெட்டுவிட்டதென அவர் கலங்குகின்றார்; அன்றேல், சினங்கொண்டு இன்னும் வலிந்து திருகுகின்றார். கலக்கமும் வேண்டா, வலிமையும் வேண்டா. அக்குமிழ் விரலுக்கு உணர்த்துவதைப் பொறுமையுடன் அறிந்துகொண்டாற் போதும்.

நேயர்களே, முதற்கண் கடிகாரத்தின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் நன்று. வட்டமான சிறு சிமிழொன்றினுள் நீண்ட உலோக நாடாவாகிய வில் சுருண்டு கிடக்கின்றது. அது விரியும் விசையே பற்சக்கரங்களை ஓட்டுகின்றது. முற்காலத்தில் அவ்வில்லைத் தனிச்சாவி கொண்டே முறுக்கினர். சாவியின்றிக் குமிழினாலேயே முறுக்கும் அமைப்பொன்றுக்கு அட்ரியன் பிலிப் என்னும் பிரெஞ்சுக்காரர் 1845ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சாவி மறைந்துபோயிற்று, ஆயினும், சாவி கொடுத்தல் என்னும் வழக்குத் தமிழில் இன்றும் மறையவில்லை.

அணிபவரின் அசைவே வில்லை முறுக்கும் கடிகாரம் இதற்கும் முந்தியது. சுவிற்சர்லாந்தின் லெ லோக்கில் ஊரினரான பெரலே என்பார் செய்த சட்டைப்பைக் கடிகாரத்தைப் பற்றி ஜெனீவாக் கலைச்சங்கம் 1777இல் அறிக்கையொன்று வெளியிட்டது. 15 நிமிட நடை, கடிகாரத்தின் 8 நாள் ஓட்டத்துக்குப் போதும் என்று அது கூறிற்று. கைக்கடிகாரத்தில் இம்முறையைப் புகுத்தியவர் ஜோன் ஹார்வூட் என்னும் ஆங்கிலேயர். 1924இல் சுவிற்சர்லாந்தில் காப்புரிமை பெற்ற அவர், தண்டு நுழையும் துளைவழியே தூசும் ஈரமும் புகுவதைக் கண்டு, குமிழையே அகற்றிவிட்டார். முட்களைத் திருப்புவதற்குக் கண்ணாடியைச் சூழ்ந்த வளையத்தைத் திருப்பவேண்டும். அக்கடிகாரத்திற்குக் கையாற் சாவி கொடுத்தல் இயலாது. பின்னர், 1931இல் றோலெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அமைப்பில், அரைவட்ட எடையொன்று முழுவட்டமாகச் சுழன்று வில்லை முறுக்கிற்று, குமிழும் உடனிருந்தது.

இன்றைய உயர்விலைத் தானியங்கிகளுட் பெரும்பாலானவை இவ்விரு வழியும் உடையன. எனவே ஒரே வில்லுக்கு இரண்டு வாயில்கள் உள்ளன எனலாம். ஒன்று விரல், மற்றையது சுழலும் எடை. எந்த வாயிலிலே தடை ஏற்பட்டுள்ளது என அறிதலே பழுதை ஆராய்வோரின் முதற் கடமையாகும்.

பழுதுபோலத் தோன்றியும் பழுதல்லாதன சில உள. அவற்றை முதலில் விலக்குதல் வேண்டும். நீர் புகாவண்ணம் அமைந்த கடிகாரங்கள் பலவற்றிற் குமிழ், புரியாணிபோல உடலோடு இறுக்கப்பட்டிருக்கும். அதனை இடப்புறமாகத் திருகித் தளர்த்தினால் அது சற்று வெளியே எழும். அந்நிலையில் வலப்புறம் திருகினாற்றான் வில் இறுகும். தளர்த்தாது திருகுவோர் இறுக்கத்தையே காண்பர். தளர்த்தியபின் மேலும் ஒரு படி வெளியே இழுத்துவிட்டால், திகதியோ முட்களோ திரும்புமேயன்றி வில் இறுகாது. குமிழைப் பின்னோக்கித் திருப்பும்போது எழும் மெல்லிய கறகற ஓசையும் பழுதன்று. பற்கள் ஒன்றையொன்று தாண்டும் ஓசையே அது.

எத்துணை திருகினும் எல்லை தோன்றவில்லையே எனச் சிலர் அஞ்சுவர். தானியங்கியில் வில்லின் வெளிமுனை சிமிழின் சுவரோடு பிணைக்கப்படவில்லை. வில் நிறைந்ததும் அம்முனை வழுக்கி நகரும். இவ்வாறு வழுக்கும் வில்லுக்கு அதே பிலிப் 1863இல் காப்புரிமை பெற்றார். ஆதலின் மிகுதியாகச் சாவி கொடுத்து வில்லை முறித்துவிட்டதாக வருந்தவேண்டியதில்லை. இனி, சீக்கோவின் 7எஸ்26 போன்ற சில இயந்திரங்களிற் கையாற் சாவி கொடுக்கும் வழியே வைக்கப்படவில்லை. அவற்றின் குமிழை எத்துணை திருகினும் பயனில்லை.

இவற்றை விலக்கியபின் எஞ்சுவனவே மெய்யான பழுதுகள். குமிழ் எவ்விதத் தடையுமின்றிச் சுழல்கின்றதாயின், அதனை வெளியே இழுத்து முட்களைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். முட்களும் திரும்பாவிடின் தண்டு முறிந்திருக்கலாம், அல்லது குமிழ் தண்டினின்றும் கழன்றிருக்கலாம். முட்கள் திரும்பி, வில் மட்டும் இறுகாதாயின், தண்டு நலமே. முறுக்கும் பற்சக்கரங்களிலே தேய்வு உண்டெனக் கருதலாம். திருகிவிட்டுக் கையை எடுத்ததும் குமிழ் தானே பின்னோக்கிச் சுழலுமாயின், வில் திரும்ப விரியாது காக்கும் தடைநாக்கோ அதன் சிறுவில்லோ கெட்டுவிட்டது.

பம்பரம் சுற்றுவது போன்ற ஓசையே யாவற்றினும் கவனத்திற்குரியது. கையாற் சாவி கொடுக்கும்போது சுழலும் எடை அசையாதிருத்தல் வேண்டும். எடைக்கும் வில்லுக்கும் இடையே உள்ள திசைமாற்றுச் சக்கரங்கள் அவ்வேளை தம் பிடியை விட்டுவிடும். எண்ணெய் பிசுபிசுத்தோ அழுக்கேறியோ போனால் அவை பிடியை விடா. விரல் திருகும் விசை எடையையும் இழுத்துச் செல்ல, அது விரைந்து சுழல்கின்றது, குமிழும் கனக்கின்றது. அந்நிலையில் மேலும் திருகினால் மெல்லிய பற்கள் தேயும். உடனே நிறுத்திவிடுதலே அறிவுடைமை.

வெளிப்படையான குறி எதுவுமின்றிக் கடிகாரம் இரவில் நின்றுவிடுமாயின், வீட்டிலேயே செய்யத்தக்க சோதனையொன்று உண்டு. குமிழை மெதுவாக 40 சுற்றளவு திருகி, கடிகாரத்தை அசையாது ஓரிடத்தில் வைத்து, அது நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். எற்றா நிறுவனத்தின் 2824-2 என்னும் இயந்திரம் ஏறத்தாழ 38 மணி நேரம் ஓடும். 1988இல் வந்த றோலெக்ஸ் 3135 ஏறத்தாழ 48 மணி நேரம் ஓடும். 70 மணி நேரம் ஓடுவனவும் இன்று உண்டு. அவற்றுக்குச் சில சுற்றுக்கள் கூடுதலாக வேண்டும். உரிய நேரம் ஓடினால் வில்லும் ஓட்டமும் நலமாயுள்ளன. குறை எடையின் பக்கத்திலேதான். எனினும் அக்குறை கடிகாரத்தினது என்றே துணிந்துவிடலாகாது. நாள் முழுதும் மேசையருகே அமர்ந்திருப்போரின் கையும், முதியோரின் கையும் போதிய அளவு அசைவதில்லை. அன்னார் காலைதோறும் சில சுற்றுச் சாவி கொடுத்தாற் போதும், திருத்தம் வேண்டா. கையாற் சாவி கொடுத்தும் உரிய நேரம் ஓடாவிடின், வில் முன்னதாகவே வழுக்குகின்றது, அல்லது எண்ணெய் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இவ்வளவும் ஏன் அறியவேண்டும்? தந்தை அணிந்திருந்த கடிகாரமொன்று பல்லாண்டு பெட்டியிற் கிடந்து மைந்தன் கைக்கு வருகின்றது என்று கொள்வோம். எண்ணெய் உலர்ந்து, குமிழின் றப்பர் வளையம் வெடித்து, கடற்காற்றின் ஈரத்தால் தண்டிலே துருவும் ஏறியிருக்கின்றது. அப்பொழுது வேண்டுவது கழற்றித் துடைத்துப் புதிய எண்ணெய் இடுதலே. ஆனால், தந்தையின் நினைவை மீண்டும் ஓடச்செய்யும் ஆவலில் மைந்தன் அதனை வலிந்து திருகுகின்றான். தண்டு முறிகின்றது, பற்கள் உடைகின்றன. சில நிறுவனங்கள் உதிரிப்பாகங்களைத் தாம் அங்கீகரித்த பணியகங்களுக்கே வழங்குவதனால், எளிதில் முடிந்திருக்கக்கூடிய வேலை பெருஞ்செலவாகின்றது. பழைய இயந்திரத்திற்குரிய பாகம் கிடையாமலே போதலும் உண்டு. ஒரு தலைமுறை பேணிய பொருள் ஒரு நிமிட அவசரத்தால் அழிகின்றது.

ஆகவே, குமிழ் மறுக்கும்போது விரல் அடங்கவேண்டும். கடிகாரத்தை வீட்டிலே திறத்தலும், கண்ட எண்ணெயை அதனுள் விடுதலும், ஓடுவதற்காக உலுக்குதலும் தகா. குமிழை மீண்டும் இறுக்கும்போது புரி கோணலாகப் பிடித்தால், சற்றே பின்னோக்கித் திருப்பி, புரி நேரே அமர்ந்தபின் இறுக்குதல் வேண்டும். திருத்துபவரிடம் செல்லுமுன், எத்தனை சுற்றுச் சாவி கொடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் ஓடிற்று, எத்தகைய ஓசை எழுந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் சாலச் சிறந்தது. நோயாளி தன் துன்பத்தைத் தெளிவாய்க் கூறினால் வைத்தியரின் பணி பாதி முடிந்துவிடும். கடிகாரத்திற்கு வாயில்லை, அதற்காக உடையவரே பேசவேண்டும்.