மார்க்கு கேட்பதற்கு முன்னால்

(திருவரங்கத்தில் பெற்றோர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்குத் திருச்சியில் ஒரு வங்கியில் குமாஸ்தா. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கிறபோது எங்க நகைக்கடன் கவுண்டரில் வந்து பாருங்கள். காவேரிப் பாலம் தாண்டி நம்ம பொம்பளைங்க வர்றாங்க. காதுத்தோட்டைக் கழட்டி வைக்கிறபோது, 'எதுக்கும்மா?' என்று கேட்டால், 'பையன் பத்தாவது சார்' என்கிறார்கள். இவர்களைத்தான் பிள்ளை படிப்பில் அக்கறை இல்லாத சேரிச் சனம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அம்பேத்கரின் அப்பா ராம்ஜியும் கல்யாணமான மகள்களிடம் நகையை வாங்கி அடகு வைத்துத்தான் மகனுக்குப் புத்தகம் வாங்கினார். பம்பாய் பரேலில் ஒற்றை அறை. மகன் முன்னிரவில் தூங்குவார். அப்பா விழித்திருந்து ராத்திரி இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத்தான் படுப்பார். 1907இல் மகன் மெட்ரிக் தேறினார். பணம் மட்டுமல்ல, தன் தூக்கத்தையும் கொடுத்த அப்பன் அவர்.

என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கடலை மடித்த தாளைப் பிரித்து, 'இதுல என்னடா போட்டிருக்கு, படி' என்பார். எனக்குப் படிப்பு ருசித்தது அந்தத் தாளில்தான். ஒன்பதாவது படிக்கும்போது அவரைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். வராந்தாவுக்குக் கீழே வெயிலில் நிற்க வைத்தே பேசினார்கள். பசங்க பார்க்கிறார்களே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெத்தவனைப் பார்த்து வெட்கப்பட வைக்கிற இடத்தில் பிள்ளைக்குப் படிப்பு எப்படி ஒட்டும்? மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றேன். அப்பா அடிக்கவில்லை. 'நின்னது நான்தானடா. நீ உக்காந்து படி' என்றார்.

இப்போது என் மகள் எட்டாவது படிக்கிறாள். ஆபீஸ் விட்டு வந்ததும் நான் கேட்பது மார்க்குத்தான். போன மாசம் அவள் கேட்டாள்: 'நான் என்ன ஒங்க லோன் பார்ட்டியாப்பா? தவணை கேக்குற மாதிரியே கேக்குறீங்க.' எனக்குப் பதில் வரவில்லை. படிச்ச நான் படிக்காத என் அப்பாவிடம் தோற்றுப்போனேன்.

இது வீட்டுச் சண்டை மட்டுமில்லை தோழர்களே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம்ம பையன் ஒருவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கூடப் படித்த ஆதிக்கசாதிப் பையன்களின் கொடுமை. அதை வெளியே சொன்னதற்கு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கச்சியையும் வெட்டினார்கள். அந்தப் பையன் 2024இல் பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றால் விளக்குமாற்றைத் தூக்காதீர்கள். 'அங்க என்ன நடந்துச்சு?' என்று கேளுங்கள். சொல்கிற வரைக்கும் பக்கத்தில் உட்காருங்கள்.

கேட்டதோடு விட்டுவிடவும் கூடாது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கும் விகிதப்படி இடம் உண்டு. தோட்டைக் கழட்டிக் கொடுத்த தாய்க்கு அங்கே நாற்காலி இருக்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள்.

என் அப்பா நின்றுகொண்டே பேசினார். நீங்கள் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் பிள்ளை அதைப் பார்க்கட்டும்.