அடுத்த நிலையம் எங்கே?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்து சைக்கிளாப்பா?" என்று கேட்டார். சைக்கிள் ஒரு சாக்குதான். நான் பேச வந்தது கணக்கு நோட்டைப் பற்றி.

என் வயதுக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் கடை ஞாபகம் இருக்கும். கடைக்காரர் பெயரையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு வண்டியைத் தருவார். அந்த நோட்டைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. கடை அவருடையது, வண்டி அவருடையது, நோட்டும் அவருடையது. இன்றைக்கு அதே வாடகை சைக்கிள் பல நகரங்களில் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. ஒரு நிலையத்தில் எடுத்து, வேறொரு நிலையத்தில் விட்டுவிட்டுப் போகலாம். மைசூரில் 2017-லும் சென்னையில் 2019-லும் இப்படிப்பட்ட திட்டங்கள் தொடங்கின. இந்த நிலையங்கள் பெரும்பாலும் நிற்பது பொதுத் தெருவில். இடம் நம்முடையது என்றால் நோட்டு யாருடையது? இதுதான் என் கேள்வி.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே 2013 மே மாதம் 'சிட்டி பைக்' தொடங்கியது. சுமார் 6,000 சைக்கிள், முந்நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள். ஒரு வங்கி தன் பெயரை வைத்துக்கொள்ள ஐந்தாண்டுகளுக்கு 4 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது. பணம் தனியாருடையது, ஆனால் இடம் நகரத்துடையது. அதனால் 2011-லேயே நகரப் போக்குவரத்துத் துறை ஒரு வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டு, "நிலையம் எங்கே வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்டது. 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன. பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டார்கள். 2012 மே மாதம் வரைவுப் படத்தை வெளியிட்டார்கள். அப்படியும் சில கட்டடக்காரர்கள் 'எங்கள் வாசலில் வேண்டாம்' என்று வழக்குப் போட்டார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் சண்டையே வராது என்று நான் சொல்லவில்லை. சண்டை வந்தாலும், எதைப் பற்றிச் சண்டை என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்கும். அவ்வளவுதான்.

திட்டம் தொடங்கும்போது ஊரே பார்க்கும், பத்திரிகையில் படம் வரும். விரிவாக்கும்போதுதான் யாரும் கவனிப்பதில்லை. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது முடிவாவதோ அந்த நேரத்தில்தான். 2018 நவம்பரில் 'லிஃப்ட்' என்ற வாடகைக் கார் நிறுவனம் இந்தத் திட்டத்தை நடத்தும் கம்பெனியை வாங்கியது. ஐந்தாண்டுகளில் 10 கோடி டாலர் முதலீடு, இரண்டு மடங்கு பரப்பு, 40,000 சைக்கிள் என்று நகரத்தோடு ஒப்பந்தமானது. நல்ல செய்திதான். ஆனால் எந்தப் பேட்டைக்கு முதலில்?

இங்கேதான் நோட்டு வேலை செய்தது. நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரமும், ஒவ்வொரு பயணமும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்ற பட்டியலும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியாகின்றன. நிலைய இடங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். வசதியுள்ள பகுதிகளுக்குத்தான் சைக்கிள் அதிகம் எட்டுகிறது, ஏழைகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் எட்டவில்லை என்று அதில் காட்டினார்கள். ஏழைகள் நிறைய வாழும் பிராங்ஸ் பகுதிக்கு 2020-ல்தான் நிலையங்கள் போய்ச் சேர்ந்தன. அறிக்கையினால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், "எங்களுக்கு எப்போது?" என்று கேட்பவன் கையில் வெறும் ஆதங்கம் இல்லாமல் கணக்கும் இருந்தது. அதிகாரிக்கு முன்னால் நின்று பேசியவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

நோட்டைத் திறப்பதிலும் ஒரு வரம்பு வேண்டும். முதலில் அந்தப் பயணப் பட்டியலில் உறுப்பினரின் பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா என்பதெல்லாம் இருந்தது. பெயர் இல்லை. ஆனாலும் ஒரே தெருவில் தினம் ஒரே நேரத்தில் வண்டி எடுப்பவரை அடையாளம் காண அது போதுமே! 2021-லிருந்து அந்த விவரங்களை வெளியிடுவதில்லை. சரியான முடிவு. திட்டத்தின் கணக்கு ஊருக்குத் தெரியட்டும், நீங்கள் எங்கே போய் வந்தீர்கள் என்பது ஊருக்கு எதற்கு?

மாணவர்களே, "இதெல்லாம் அங்கே நடக்கும் சார், இங்கே யார் சொல்வார்கள்?" என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. தகவல் உரிமைக்காக 1997-லேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 2005-ல் நாடு முழுவதற்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், பொதுவாக முப்பது நாளில் பதில். அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளையும் முடிவுகளையும் பற்றிய விவரங்களை அரசு அலுவலகங்கள் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. 'வணிக ரகசியம்' என்று மறுக்க 8-ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் அதையும் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

ஆகவே உங்கள் ஊரில் சைக்கிள் திட்டமோ பஸ் தடமோ எது விரிவானாலும் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். வரைபடம் எங்கே? எந்தத் தேதிக்குள் கருத்துச் சொல்லலாம்? ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? இதுவரை எத்தனை பேர், எங்கிருந்து எங்கே போனார்கள்? இந்த நான்கும் முடிவுக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். நிலையத்தைக் கான்கிரீட் போட்டு நட்ட பிறகு வரும் தகவல், பஸ் போன பிறகு கிடைக்கும் கால அட்டவணை மாதிரி.

கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கல்லூரி. கேளுங்கள். கேட்கும்போது மரியாதையாக, எழுத்தில், தேதி போட்டுக் கேளுங்கள். ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.