ஒரு வளைவும் நாற்பது விநாடிகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புப் பயிலும் பழைய மாணவிகள் இருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் பேசிய இந்த மேடையில், படிப்பே முடியாத எங்கள் இருவரையும் பேசச் சொன்னபோது தயங்கினோம். "போய்ப் பார்த்த தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்லுங்கள், போதும்" என்றார்கள். அதையே சொல்கிறோம்.

நாங்கள் தெஹிவளையில் வளர்ந்தவர்கள். எங்கள் வெள்ளைச் சீருடையை அம்மாவோ வெள்ளவத்தைத் தையற்காரரோ தைத்தார். நீளம் குறைந்தால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியும். தைத்தவரின் முகம் தெரிந்த கடைசி உடுப்பு அதுதான் என்பது, காலி வீதியில் 101 பஸ் ஏறி மொறட்டுவைக்குப் படிக்கப் போன பிறகுதான் விளங்கியது.

முதன்முதலில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனபோது, இரைச்சலான தையல் மண்டபம் ஒன்றைத்தான் எதிர்பார்த்தோம். ஆனால் ஊசிக்கு முன்னரே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காக விரிக்கிறார்கள். மேலே மார்க்கர் எனப்படும் நீளக் காகிதம். கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் இடைவெளியின்றிப் பொருத்திக் கணினியில் வரைந்தது அது. ஆடையின் செலவில் பெரும்பங்கு துணிக்கே போவதால், அந்தக் காகிதத்தில் ஒரு விரலளவு இடைவெளியும் காசுதான். வெட்டுபவர் கம்பிவலைக் கையுறை அணிந்து, நின்றபடி மின்கத்தியை நகர்த்துகிறார். வெட்டிய துண்டுகள் இலக்கமிடப்பட்டு, கட்டுக் கட்டாகத் தையல் லைனுக்குப் போகின்றன.

லைனில் எவரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருவர் தோள் மூட்டுவார், அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார், இன்னொருவர் நாள் முழுதும் பொக்கெற் மட்டும். ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து ஒப்படைத்த பின்னரே புது ஊசி கிடைக்கும். எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக்கூடாது என்பதற்காக.

இனி எங்கள் தவறைச் சொல்கிறோம். இரண்டாம் ஆண்டில் நாங்கள் சேர்ந்து ஒரு மேற்சட்டை வடிவமைத்தோம். அதன் உட்பக்கத்தில், அலைபோல வளைந்த அடியுடன் ஒரு பொக்கெற். தாளில் மிக அழகாக இருந்தது. வேறொரு தொழிற்சாலையில் அதைச் சோதனைக்காகத் தைக்க இடம் தந்தார்கள். அந்தப் பொக்கெற் வந்து சேர்ந்தது, வன்னியிலிருந்து வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருந்த, எங்கள் வயதேயான ஒரு பெண்ணிடம். வளைவுக்கு வளைவு மெஷினை நிறுத்தி, ஊசியைத் துணியில் இறக்கியபடியே, முழங்காலால் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி தைத்தார். பத்து நிமிடத்தில் அவருக்கு முன்னால் துண்டுகள் குவிந்தன. அவருக்கு அடுத்திருந்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டிருந்தார். லைன் முடிவில் இருந்த பலகையில் அந்த மணித்தியாலத்துக்கான எண்ணிக்கை இலக்கின் பாதிக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இது உள்ளுக்குத்தானே வருது? ஆருக்குத் தெரியப்போகுது?"

எங்களை அவர் மிஸ் என்றதே ஒரு மாதிரியாக இருந்தது. கேள்விக்கு எங்களிடம் பதிலும் இருக்கவில்லை. அருகில் நின்ற மேற்பார்வையாளர் நேரத்தை அளந்து சொன்னார்: நேரான பொக்கெற்றைவிட நாற்பது விநாடி அதிகம். அன்றிரவு கணக்குப் போட்டோம். பத்தாயிரம் சட்டைகளுக்கு 4,00,000 விநாடிகள். அதாவது 111 மணித்தியாலம். எட்டு மணித்தியால நாளாகக் கொண்டால், ஒருவரின் ஏறத்தாழப் பதினான்கு வேலைநாள் உழைப்பு, எவர் கண்ணிலும் படாத ஒரு வளைவுக்கு.

பொக்கெற்றை நேராக்கினோம். அழகு குறைந்ததாக எவரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் எங்களோடு இருக்கிறது. மிச்சமான நாற்பது விநாடி அந்தப் பெண்ணுக்குச் சேருமா, பலகையின் இலக்கைக் கூட்டுமா? அதை எங்கள் பென்சில் தீர்மானிப்பதில்லை. அதற்கு வேறு வரலாறு உண்டு, அது நம் வீட்டு வாசலிலேயே நடந்தது. இன்று ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கும் இடத்தில்தான் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே வேலை செய்தவர்கள், அவர்களுள் மலையாளிகள் பலர், வேலைநிறுத்தம் செய்தார்கள். இளம் சட்டத்தரணியாயிருந்த கொல்வின் ஆர். டி சில்வா அவர்களோடு நின்றார். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபின் இந்தத் தொழிலைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். போர் முடிந்தபின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தொழிற்சாலைகள் போயின. நாட்டின் மிகப்பெரிய கைத்தொழில் ஏற்றுமதி இன்றும் அவர்கள் கையில்தான்.

வரைபவரும் செய்பவரும் அருகருகே இருந்த கதையும் எங்கள் ஊரில் உண்டு. கொட்டாஞ்சேனையில் பாடசாலை நடத்திய நல்லாயன் கன்னியர் சபையினர், தங்கள் நெசவுப் பெண்களுக்கு வடிவங்கள் தருமாறு ஓவியர் பாபரா சன்சோனியைக் கேட்டார்கள். அதிலிருந்தே 1960களில் 'பெயார்பூட்' கைத்தறி நிறுவனம் வளர்ந்தது. அதன் துணிகளைப் பாருங்கள், பெரும்பாலும் கோடுகளும் கட்டங்களும்தான். தறிக்கு இயல்பாக வருபவை அவை. நிறத்தில்தான் அவர் துணிந்து விளையாடினார். நெய்பவரின் கையை வருத்தாமலும் புதுமை செய்யலாம் என்பதை அந்தத் துணிகளிடமிருந்து கற்றோம்.

அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நிறுவனங்களில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறீர்கள். உயர்தர வகுப்புத் தங்கைமாரை, எந்தப் பிரிவில் படித்தாலும், ஆண்டுக்கொரு தடவை ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப்போக வழிசெய்யுங்கள். தங்கைமாரே, போனால் மெஷினை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அங்கே இருப்பவரிடம், "இதில் எது கஷ்டம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாங்கள் கேட்காமல் போனோம். அவர்தான் எங்களைக் கேட்க வேண்டியிருந்தது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமார், அங்கே கடையில் இலங்கையில் தைத்த சட்டை ஒன்று கிடைத்தால் உட்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்தத் தையல் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியுடையதாக இருக்கலாம்.