ரயிலில் நான் அறிவுரை சொன்ன தம்பி

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ‘சி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியது. உறவினர்கள் பலர் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)

எனக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் மணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. போன ஜூனில் நம் வாட்ஸ்அப் குழுவில், “சி பிளாக் லிஃப்ட்டில் எலி செத்துக் கிடக்கிறதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் மூன்று நாள் தேடினார்கள். எலி கிடைக்கவில்லை. அது எலி இல்லை, என் மகளின் ஹாக்கி கிட். அவள் பள்ளி அணியில் கோல் கீப்பர். காலில் பெரிய பேட், கையில் கிளவுஸ், மார்புக் கவசம், ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு சென்னை வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றால் அந்தப் பையில் என்ன வாசம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். நானும் அன்று குழுவில் “ஆமாம், எனக்கும் வந்தது” என்று பதில் போட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்பு.

அந்த வாசத்தின்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. ஹாக்கியை நிறுத்திவிட வேண்டியதுதான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் கோவில்பட்டியில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். மகளுக்குப் பரீட்சை, அதனால் அவளை என் தம்பி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போனோம். திரும்பும்போது ராத்திரி ரயில். கூடவே ஒரு பெட்டி கடலை மிட்டாய், சம்பந்தி வீட்டார் அன்போடு தலையில் கட்டிய ஒரு வாழைத்தார். எதிர் சீட்டில் ஒல்லியாக ஒரு பையன். பத்தொன்பது வயது இருக்கும். பக்கத்தில் நீளமாக ஒரு பை.

“என்ன தம்பி, கிரிக்கெட்டா?”

“இல்ல சார். ஹாக்கி.”

அவ்வளவுதான், எனக்குள் இருந்த அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாத்தூரில் ஆரம்பித்த அறிவுரை விருதுநகர் தாண்டியும் ஓடியது. விளையாட்டு நல்லதுதான், ஆனால் சோறு போடாது, கையில் ஒரு டிகிரி வேண்டும், பேங்க் பரீட்சை எழுது... என் மனைவி இரண்டு முறை காலை மிதித்தாள். ரயில் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஸ்டேட் லெவல் ஆடியிருக்கியா?”

“ஆடியிருக்கேன் சார்.”

“இப்ப எங்க போற?”

“சென்னை போய், அங்கேருந்து பெங்களூர் சார். கேம்ப் இருக்கு.”

“கேம்ப்பா? ஃபீஸ் எவ்வளவு வாங்குறாங்க?”

“ஃபீஸ் இல்ல சார். தங்குறது, சாப்பாடு எல்லாம் அவங்களே.”

“பரவாயில்லையே! இந்தக் காலத்துல இலவசமா யாரு கேம்ப் நடத்துறா? நம்பிப் போகலாமா? விசாரிச்சுட்டுப் போ” என்றேன். பையன் தலையை ஆட்டினான். நான் கொடுத்த கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டான். கோவில்பட்டிக்காரனுக்கே கோவில்பட்டி கடலை மிட்டாய் கொடுத்த பெருமையும் எனக்குத்தான்.

மதுரையில் ரயில் நின்றபோது, என் மகளும் ஹாக்கி ஆடுகிறாள், நிறுத்தப்போகிறேன் என்று சொன்னேன்.

“என்ன பொசிஷன் சார்?”

“கோல் கீப்பர். சும்மா நிக்கிற வேலைதானே.”

அப்போதுதான் அவன் முதன்முதலாகச் சிரித்தான். “சும்மா நிக்க முடியாது சார். கிரவுண்டு முழுக்க கீப்பர் கண்ணுக்குத்தான் தெரியும். யாரு எங்க நிக்கணும்னு கத்திக்கிட்டே இருக்கணும். வீட்ல கத்துவாங்களா?”

“ரொம்ப.”

“அப்ப நல்ல கீப்பர்தான்” என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, “நீங்க அவங்க மேட்ச் பாத்திருக்கீங்களா சார்?” என்று கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். காரில் உட்கார்ந்து போன் பார்த்திருக்கிறேன். முழுதாக ஒரு மேட்ச் பார்த்ததில்லை.

“எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ் போறாங்க சார். ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போயிரும். அதனால நான் ஆடி அவங்க பாத்ததே இல்ல. உங்களால வர முடியும்ல சார்? நிறுத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துருங்க.”

குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டான். எனக்குத்தான் திண்டுக்கல் தாண்டியும் தூக்கம் வரவில்லை.

காலையில் எழும்பூர். “சார், நான் எடுத்துக்கிறேன்” என்று வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். அழைத்துப்போக என் தம்பியோடு மகளும் வந்திருந்தாள். எங்களைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் காதில், “அப்பா, அந்த அண்ணன் யாருன்னு தெரியுமா? இந்தியா ஜூனியர் கேம்ப்புக்கு செலக்ட் ஆனவரு. அவரு தலையில வாழைத்தார் ஏத்தி வச்சிருக்கீங்க!” என்றாள்.

“தலையில இல்ல, தோள்ல” என்றேன். வேறு என்ன சொல்ல? அடுத்த நொடியே என் வாயில் “நீ” போய் “நீங்க” வந்துவிட்டது. “தம்பி, நீங்க சொல்லியிருக்கலாமே.” “நீங்க கேக்கலையே சார்” என்றார். மகள் கையெழுத்து கேட்டாள். காகிதம் இல்லை. கடலை மிட்டாய் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். மிட்டாய் அன்றே தீர்ந்துவிட்டது. பெட்டி ஷோகேஸில் இருக்கிறது.

அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இப்போதுதான் மேலே வருகிறார், நிம்மதியாக ஆடட்டும். ஆனால் அதற்குப் பிறகு நான் கொஞ்சம் படித்தேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் நம் வி. பாஸ்கரன். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர்கள். அந்த ஊரில் நின்றுகொண்டு ஹாக்கி சோறு போடாது என்று பேசியிருக்கிறேன்.

அக்டோபரில் மகளின் பள்ளி மேட்ச், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில். 2023-ல் இந்தியா ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அதே மைதானம். போனேன். பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. கோல் கோட்டுக்குப் பின்னால் கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். எதிரணி மொத்தமும் பாய்ந்து வருகிறது. நடுவில் என் மகள், “லெஃப்ட்ல போ! ஃபர்ஸ்ட் ரன்னர் நீ!” என்று கத்துகிறாள். என்னைவிட உயரமான பிள்ளைகள் அவள் சொன்ன இடத்துக்கு ஓடுகிறார்கள். வீட்டில் நான் “கத்தாதே” என்று அடக்கிய அதே குரல்.

பந்து வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். தடுத்துவிட்டாள் என்பது கைதட்டலில்தான் தெரிந்தது. மேட்ச் 3-2 என்று தோற்றுவிட்டார்கள். காரில் ஏறியதும், “கண்ணை மூடிட்டீங்கதானே?” என்று கேட்டாள். கிரவுண்டு முழுக்க கீப்பர் கண்ணுக்குத் தெரியுமாம். கேலரியும் தெரியும்போல.

நிறுத்தவில்லை. பத்தாம் வகுப்பில் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி என்று பேசி முடித்திருக்கிறோம். மதிப்பெண் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒன்று. நம் கீழ்த்தளத்தில் “பந்து விளையாடத் தடை” என்று ஒரு போர்டு இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். என் காரின் கண்ணாடிக்காக. இன்று நானே கேட்கிறேன்: விருந்தினர் பார்க்கிங் பக்கம், தினமும் மாலை ஐந்து முதல் ஆறரை வரை, டென்னிஸ் பந்து மட்டும். அடுத்த கூட்டத்தில் வைப்போம். முதலில் என் காரை அங்கிருந்து எடுத்துவிடுகிறேன்.

அதுவரை உங்கள் பிள்ளை எது ஆடினாலும், பாடினாலும், ஒரு தடவை காரைவிட்டு இறங்கி முழுதாகப் பாருங்கள். கிட் பை இனி படிக்கட்டு வழியாகத்தான் வரும். தூக்குவது நான்.

மணி அடித்துவிட்டார்.